எண்ணிக்கையும் எடையும்

ஓர் அறிஞரின் தகுதியை அவர் எழுதிய கட்டுரைகளின் தொகையாலும், பிறர் அவற்றை மேற்கோள் காட்டிய தடவைகளாலும் அளந்துவிட இயலுமா? பல்கலைக்கழகங்கள் பலவும் பதவி வழங்குமுன் இக்கணக்கை நோக்குகின்றன. 2005இல் இயற்பியலறிஞர் ஜார்ஜ் ஹிர்ஷ் இதற்கொரு குறியீடும் வகுத்தார்: 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை எடுத்தாளப்பட்டிருப்பின், அவ்வறிஞரின் குறியீடு குறைந்தது 20.

அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் எழுதிய 13 பக்கக் கட்டுரையொன்றை மூன்று ஆய்விதழ்கள் திருப்பியனுப்பின. 1970இல் நான்காம் இதழ் அதனை வெளியிட்டது. 2001இல் மேலும் இருவருடன் அவர் நோபல் பரிசு பெற அதுவே அடிப்படையாயிற்று. பழைய கார் விற்பவன் அதன் குறையை அறிவான், வாங்குவோன் அறியான். ஐயத்தால் அவன் விலையைக் குறைக்க, நல்ல கார் உடையோர் சந்தையை விட்டு விலகுவர். இதுவே அக்கட்டுரையின் சாரம்.

அறிவுச் சந்தைக்கும் இது பொருந்துமன்றோ? ஆய்வைப் படித்தறியாதோர் எண்ணிக்கையை மட்டும் நாடுங்கால், ஆழ்ந்து ஒன்றை எழுதுவோர் பின்தங்க, விரைந்து பல எழுதுவோர் முந்துவர். எண்ணிக்கை வீணென்று நாம் கூறவில்லை. ஒரு கருத்து எத்துணை தொலைவு சென்றது என்பதை அது காட்டும். ஆனால், மறுப்பதற்காகக் காட்டிய மேற்கோளும் அதில் ஒன்றாகவே சேரும். அச்சேறுமுன் அக்கர்லாஃப் கட்டுரையின் கணக்கு வெறும் சுழியே. அதிலிருந்த உண்மையோ அன்றும் குறையவில்லை.

நிறுக்க வேண்டியதை எண்ணுதல் நீதியாகாது. தீர்ப்பளிப்போர் முதலில் படித்தல் வேண்டும்.