தொண்டும் சான்றிதழும்

காந்தியடிகளின் பிறந்த நூற்றாண்டாகிய 1969இல் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. அதில் சேரும் மாணாக்கர் ஈராண்டுகளில் 240 மணி நேரம் தொண்டாற்றினால் சான்றிதழ் உண்டு. "சான்றிதழுக்காகச் செய்வது தொண்டாகுமா?" என்று நம் இல்லங்களில் வினவக் கேட்கிறோம்.

பள்ளியில் இத்திட்டத்தின் பொறுப்பாசிரியையாய் இருந்தபோது நாமும் அவ்வாறே ஐயுற்றோம். ஆயின், சான்றிதழை எண்ணியே வந்த பதினாறு வயதுப் பெண்ணொருத்தி, முதியோர் இல்லத்தில் முகஞ்சுளித்தபடி ஒரு மூதாட்டிக்குத் தலைவாரி வந்தாள். நான்காம் வாரம் அவரைக் காணாது, "பாட்டி எங்கே?" என்று பதறினாள். கை பழகிய பின்னரே நெஞ்சு பழகிற்று. துறவோர்க்குச் செய்யும் பணிவிடையாகிய வையாவிருத்தியத்தை உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் அகத்தவங்களுள் வைத்தார். தவமாயின் பழக வேண்டுவதன்றோ?

குறை வேறிடத்தில் இருந்தது. அவ்வாண்டே, தேர்வு நெருங்கியதென்று பெற்றோர் வேண்ட, முகாமுக்கே வாராத மாணவி ஒருத்திக்கு மணிக்கணக்கை நிரப்பிக் கையொப்பமிட்டோம். இரக்கமென்றே அன்று கருதினோம். அருகில் நின்ற அந்தத் தலைவாரிய பெண் ஒன்றும் கூறவில்லை. தன் பதிவேட்டை நீட்டி, தான் வாராத இரண்டு நாட்களை அடித்துவிடுமாறு மட்டும் கேட்டாள். அடித்துத் தந்தோம். மற்றதை அடிக்க நமக்குத் துணிவு வரவில்லை.