சிரிக்காத மனுஷன் முன்னால்



"பிரதர், விசுவாசிகள் தீம் பார்க்குக்குப் போகலாமா?" பள்ளி லீவு விட்டால் போதும், வண்டியூர் வீட்டு ஜெபங்களில் இந்தக் கேள்வி வந்துவிடும். பரவையில் 'அதிசயம்' பக்கத்திலேயே இருக்கிறது, பிள்ளைகள் சும்மா விடுமா? தண்ணீரில் சறுக்குவதில் எனக்கு ஒரு பாவமும் தெரியவில்லை. தாராளமாய்ப் போயிட்டு வாங்க. என் பாரம் வேறே.

சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில், வி.ஜி.பி. பூங்காவின் சிலை மனிதரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அசையாமல், சிரிக்காமல் மணிக்கணக்காய் நிற்பதே அவர் உத்தியோகம். நேர்மையான உழைப்பு, அதைக் குறை சொல்ல நான் யார்? எதிரே நிற்கிற நாம் எப்படி? ஜோக் சொல்லலாம், குரங்குச் சேட்டையும் செய்யலாம் (உங்கள் மானம், உங்கள் இஷ்டம்!). அவர் சிரிக்கவில்லை என்றதும் ஏச்சும் சீண்டலுமாய் இறங்கினால்? திருப்பிப் பேசமாட்டார் என்று தெரிந்துதானே அந்தத் தைரியம் வருகிறது! பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

நியாயாதிபதிகள் 16-ல், கண் பிடுங்கப்பட்ட சிம்சோனைப் பெலிஸ்தர் வேடிக்கைக்காகக் கொண்டுவந்தார்கள். மேல்மாடியில் மாத்திரம் ஏறக்குறைய 3000 பேர். அத்தனை பேர் நடுவே அவன் கையைப் பிடித்து நடத்தியவன் ஒரு சின்னப் பையன். சிம்சோன் கைதி, இவரோ சம்பளத்துக்கு நிற்கிறவர், வித்தியாசம் உண்டு. கூட்டத்தின் மனசு மட்டும் சீக்கிரத்தில் ஒன்றுபோலாகிவிடும்.

"டிக்கெட் எடுத்தாச்சுல்ல"ன்னு சொல்லாதீங்க. இந்த லீவுக்குப் போகிற குடும்பங்கள், சறுக்கலடியில் வெயிலில் விசில் ஊதுகிற தம்பிக்கும், கழிவறை கழுவுகிற அக்காவுக்கும் பிள்ளைகள் வாயாலேயே நன்றி சொல்ல வையுங்கள். கையில் தண்ணீர் பாட்டில் இருந்தால் அதையும் கொடுங்கள்.