முகதாட்சண்யம் பார்க்கும் கருவூலம்

கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள தான்சானியா நாட்டில் மொரொகோரோ என்றொரு மாவட்டம் உண்டு. அம்மாவட்டத்தில் 1996-ஆம் ஆண்டில் எந்த நோய்க்கு எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது என்ற கணக்கையும், அங்குள்ள மக்கள் எந்த நோயால் மடிந்தார்கள் என்ற கணக்கையும் ஆய்வாளர் சிலர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மக்கள் இழந்த வாழ்நாள்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு மலேரியாவால் இழந்தவை. மலேரியாவுக்கு ஒதுக்கியதோ 5 விழுக்காடு. காசநோயால் இழந்தவை 4 விழுக்காட்டுக்கும் குறைவு; அதற்கு ஒதுக்கியது 22 விழுக்காடு.

இதில் திருட்டு எதுவும் இல்லை. திருடன் ஒருவன் இருந்திருந்தால் நமக்கு ஆறுதலாகவே இருந்திருக்கும். அவனைப் பிடித்துத் தண்டித்தால் வேலை முடிந்துவிடும். இங்கோ கணக்கு எழுதியவர்கள் நேர்மையாகத்தான் எழுதினார்கள். நேர்மையாக எழுதப்பட்ட கணக்கு எப்படி இத்துணைப் பெரிய அநீதியாக முடிந்தது என்பதே நம் சிந்தனைக்குரியது.

ஏழை நாடுகளின் அரசுகள் தொடக்க நலவாழ்வுக்குச் செலவிடும் பணத்தைப் பற்றிப் பேசும்போது வழக்கமாக எழும் கேள்வி, "எவ்வளவு?" என்பது. கேட்கவேண்டிய கேள்விதான். 1978 செப்டம்பரில் அன்றைய சோவியத் ஒன்றியத்தின் அல்மா-அட்டா நகரில் 134 நாடுகளின் பேராளர்கள் கூடி, 2000-ஆம் ஆண்டுக்குள் அனைவர்க்கும் நலவாழ்வு என்று அறிவித்தார்கள். 2001 ஏப்ரலில் ஆப்பிரிக்க நாடுகளின் தலைவர்கள் நைஜீரியாவின் அபுஜா நகரில் கூடி, அரசு வரவு செலவில் 15 விழுக்காட்டையேனும் நலவாழ்வுக்கு ஒதுக்குவதாக வாக்களித்தார்கள். அவ்வாக்கைக் காத்த நாடுகள் மிகச் சிலவே. 2022-இல் 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணைக்குழு ஒன்று கணக்கிட்டபடி, மிகக் குறைந்த வருவாயுள்ள நாடுகளின் அரசுகள் தொடக்க நலவாழ்வுக்கென ஆள் ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 3 டாலர் செலவிடுகின்றன. இத்தொகையைக் கொண்டு எந்த அரசும் தன் மக்களைக் காக்க இயலாது. ஆயினும் மொரொகோரோவின் கணக்கு வேறொரு கேள்வியையும் நம்முன் வைக்கிறது. இருக்கின்ற பணம் யாரைத் தேடிப் போகிறது?

பணத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. சென்ற ஆண்டு போன இடத்துக்கே அது இவ்வாண்டும் போகும். வெளிநாட்டு உதவி எந்த நோயின் பெயரால் வருகிறதோ அந்த நோய்க்கே போகும். தான்சானியாவில் தலைநகரிலிருந்து கிராம மருந்தகங்களுக்கெல்லாம் ஒரே வகையான மருந்துப் பெட்டி போய்க்கொண்டிருந்தது; மலேரியா மிகுந்த ஊருக்கும் அதே பெட்டி, குறைந்த ஊருக்கும் அதே பெட்டி. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, மருத்துவமனையில் இறப்பவர் ஏட்டில் ஏறுகிறார். வீட்டில் இறப்பவர் ஏறுவதில்லை. அம்மக்களுள் பெரும்பாலோர் இறந்தது வீட்டில்தான்.

நாம் பணியாற்றும் பங்கின் இறந்தோர் பதிவேட்டுடைய பழைய தொகுதிகளை ஒருமுறை புரட்டிப் பார்த்தோம். வயதுக்குரிய கட்டத்தில் "3 மாதம்", "11 மாதம்", "2 வயது" என்று பக்கம் பக்கமாக வருகிறது. எல்லாம் ஒரே கையெழுத்து. நமக்கு முன் அங்கிருந்த குரு ஒவ்வொரு சிறு குழியையும் மந்திரித்துவிட்டு வந்து எழுதியிருப்பார். நோயின் பெயருக்குரிய கட்டம் மட்டும் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கிறது. ஊரே கூடி அழுத இறப்புகள் அவை. எதனால் என்று எழுத ஆளில்லை.

தான்சானியாவில் அந்த வெற்றுக் கட்டத்தை நிரப்ப ஒரு முயற்சி நடந்தது. 1990-களின் பிற்பகுதியில் அந்நாட்டு நலவாழ்வு அமைச்சகமும் கனடா நாட்டின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையமும் இணைந்து, மொரொகோரோவிலும் கடலையொட்டிய ருஃபிஜி மாவட்டத்திலும் அதை மேற்கொண்டன. இரு மாவட்டங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 7 இலட்சம் மக்கள். ருஃபிஜியில் களப்பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று யார் பிறந்தார், யார் இறந்தார் என்று குறித்தார்கள். சில மாதங்கள் கழித்து மீண்டும் அதே வீடுகளுக்குச் சென்றார்கள். இறப்பு நேர்ந்த வீட்டில் தாயையோ தந்தையையோ அமரச் செய்து கேட்டார்கள்: காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது? மூச்சு வாங்கியதா? வலிப்பு வந்ததா? எங்கே கொண்டுபோனீர்கள்? பெற்றோர் சொன்ன அடையாளங்களை மருத்துவர்கள் படித்து நோயைக் கண்டறிந்தார்கள். அப்பகுதி மக்கள் பிள்ளைகளின் வலிப்பைத் 'தெகெதெகெ' என்பார்கள். அது காய்ச்சலோடு தொடர்பில்லாத தனி நோய் என்றும், அதற்கு நாட்டு வைத்தியரே தக்கவர் என்றும் பலர் நம்பினார்கள். மலேரியாவின் கடைசிக் கட்டம் அது என்று பெற்ற தாய்க்கே தெரியாதபோது, தலைநகரிலிருந்த எழுத்தருக்கு எப்படித் தெரியும்?

நாட்டில் அப்போது நலவாழ்வுக்கு ஆள் ஒருவருக்கு ஆண்டுக்கு 8 டாலர் அளவில் செலவாகிக்கொண்டிருந்தது. இத்திட்டம் ஆளுக்கு 2 டாலர் வரை கூடுதலாகத் தர முன்வந்தது. ஆனால் அம்மாவட்டங்களால் முறையாகச் செலவிட முடிந்தது ஒரு டாலருக்கும் குறைவே. அச்சிறு தொகையோடு, முன்பே இருந்த பணத்தையும் இறப்புக் கணக்கைப் பார்த்துத் திருப்பிவிட்டார்கள். நோயுற்ற பிள்ளையைப் படிப்படியாகச் சோதிக்கச் செவிலியருக்கும் மருந்தகப் பணியாளருக்கும் பயிற்சி தந்தார்கள். மருந்து தோய்த்த கொசுவலைகள் வந்தன. இடிந்துகிடந்த மருந்தகங்களை ஊரார் தம் உழைப்பால் செப்பனிட்டார்கள். ஐந்தாண்டு அளவில் அவ்விரு மாவட்டங்களிலும் பிள்ளைகளின் இறப்பு 40 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது.

முழுப் பெருமையையும் கணக்குக்கே தந்துவிடலாகாது. நாடு முழுவதிலும்கூட, பிறக்கும் 1000 பிள்ளைகளில் ஐந்து வயதுக்குள் இறந்தவர்கள் 1999-ஆம் ஆண்டின் ஆய்வில் 147. 2004-ஆம் ஆண்டின் ஆய்வில் 112. இடைப்பட்ட காலத்தில் அந்நாட்டு அரசு நலவாழ்வுக்குச் செலவிட்ட தொகை ஏறத்தாழ இரு மடங்காயிற்று. ஆகவே, பணம் வேண்டாம், ஒழுங்கான கணக்கு இருந்தால் போதும் என்று எவரேனும் இந்நிகழ்வைக் காட்டி வாதிட்டால், அவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை.

மற்றொரு மறுப்பு இதைவிட ஆழமானது. மனித உயிரை ஆண்டுகளாக்கி, விழுக்காடுகளாக்கி, தராசில் நிறுக்கலாமா? இந்த அச்சம் வீணன்று. உலக வங்கி 1993-இல் தன் அறிக்கையில் நோய்ச்சுமையை அளக்கும் முறையொன்றை வெளியிட்டபோது, இளமைப் பருவத்தின் ஓராண்டுக்கு மிகுந்த மதிப்பும், குழந்தைப் பருவத்தின் ஓராண்டுக்கும் முதுமையின் ஓராண்டுக்கும் குறைந்த மதிப்பும் தந்திருந்தார்கள். உழைக்க வல்லவரின் நாளே பெருநாள் என்பது இதன் பொருள். பலர் கண்டித்தபின் அவ்வேறுபாடு பின்னைய கணக்கீடுகளில் கைவிடப்பட்டது. எண்களுக்குள்ளும் ஒருவருடைய தீர்ப்பு ஒளிந்திருக்கிறது என்பதை மறக்கலாகாது. என்றாலும், எண்ணுவதையே விட்டுவிட்டால் யாருக்கு நன்மை? காணாமற்போன ஓர் ஆட்டைத் தேடிப் புறப்பட்ட ஆயனும் முதலில் மந்தையை எண்ணியவன்தான்.

நம்மை உண்மையில் தடுமாறச் செய்வது வேறு. ஒரு காலத்தில் இயேசு சபைக் குருவாக இருந்த ஆல்பர்ட் ஜான்சன் என்னும் அறநெறி அறிஞர் 1986-இல் இதற்கு 'மீட்பு விதி' என்று பெயரிட்டார். கண்முன் ஒருவர் உயிருக்குப் போராடும்போது, செலவைப் பாராமல் அவரைக் காக்க நம் உள்ளம் துடிக்கிறது. வருங்காலத்தில் இறக்கப்போகிற ஆயிரம்பேர் வெறும் எண்ணாகவே நிற்கிறார்கள். கட்டிலில் கிடப்பவருக்கு முகம் உண்டு. கொசுவலையால் பிழைத்த பிள்ளைக்கோ தான் பிழைத்தது தெரியாது. அதன் தாய்க்கும் தெரியாது. நன்றி சொல்ல எவரும் வருவதில்லை. மருத்துவமனை கட்டினால் அடிக்கல் நாட்டுவிழா உண்டு, கல்வெட்டு உண்டு. கொசுவலையில் எவர் பெயரைப் பொறிப்பது? கல்வெட்டு ஆசையில் நம் திருச்சபையினர் எவருக்கும் இளைத்தவரல்லர் என்பதையும் இங்கே ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

தான்சானியாவின் முதல் குடியரசுத் தலைவரான ஜூலியஸ் நைரேரே இதை முன்பே கண்டிருந்தார். 1967-ஆம் ஆண்டின் அருஷா அறிக்கை, பெரிய மருத்துவமனைகள் எல்லாம் நகரங்களில் இருக்கின்றன என்றும், அவற்றால் பயன்பெறுவோர் சிலரே என்றும், அவற்றுக்காக வாங்கிய வெளிநாட்டுக் கடனைத் தீர்ப்பதோ உழவனின் விளைபொருள் என்றும் வெளிப்படையாகக் கூறியது. அந்த நைரேரே 1999 அக்டோபரில் இரத்தப் புற்றுநோயால் இலண்டன் மருத்துவமனை ஒன்றில் இறந்தார். இதை அவர்மீது குற்றமாகச் சொல்ல நாம் இதை எழுதவில்லை. அவரைக் காப்பாற்ற இயன்றதெல்லாம் செய்யவேண்டும் என்று எண்ணியவர்களிடம் எவர் குறை காண்பார்? நாமும் அவ்வாறே எண்ணியிருப்போம். அதனால்தான் இது கடினமான கேள்வி.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றபோது, பகிர்வு நீதிக்கு எதிரான பாவம் முகதாட்சண்யம் என்று புனித தோமா அக்குவினாசு வகுத்ததை நாம் படித்தோம். பொதுச் சொத்தைப் பங்கிடுகிறவர் தகுதியையும் தேவையையும் விட்டு ஆளைப் பார்த்துப் பங்கிடுவதே அப்பாவம். உறவினனுக்கு வேலை தருவது, செல்வனுக்கு முதலிடம் தருவது என்றே அன்று அதைப் புரிந்துகொண்டோம். மொரொகோரோவின் கணக்கைப் படித்தபின் அச்சொல் வேறு பொருள் தருகிறது. மருத்துவர் தம் முன் கிடப்பவரின் முகத்தைப் பார்த்தே தீரவேண்டும். அது அவர் கடமை. கருவூலத்துக்கு அக்கடமை இல்லை. வாசலுக்கு வந்தவரிடமிருந்தும், வர வழியின்றி வீட்டிலேயே கிடப்பவரிடமிருந்தும் அது சமதூரத்தில் நிற்கவேண்டியது. மருத்துவரின் அறத்தைக் கருவூலம் கடன்வாங்கிக்கொண்டால், பணம் முகம் காட்ட முடிந்தவரிடமே போய்ச் சேரும். கானா நாட்டில் 1992-ஆம் ஆண்டின் கணக்குப்படி, அரசின் நலவாழ்வுச் செலவில் மிகவும் வறிய ஐந்திலொரு பங்கு மக்களுக்குக் கிடைத்தது 12 விழுக்காடு. மிகவும் வசதியுள்ள ஐந்திலொரு பங்கினருக்குக் கிடைத்தது 33 விழுக்காடு. மருத்துவமனைக் கதவு இரு சாராருக்கும் திறந்தேதான் இருந்தது.

அப்படியானால் கட்டிலில் கிடப்பவரைக் கைவிடுவதா என்று வாசகர் கேட்கலாம். ஒரு மாவட்டத்தின் மருத்துவமனைக்குத் தரும் பணத்தில் ஒரு பகுதியைக் கொசுவலைக்கு மாற்றினால், அங்கே ஒருவர் இறக்கக்கூடும். அவர் முகமும் பெயரும் செவிலியருக்குத் தெரிந்திருக்கும். இதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. முடிவெடுக்கும் அதிகாரி அந்த இறப்பையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டே மாற்றவேண்டும் என்பது நம் கருத்து.

மேலே நாம் எடுத்துக்காட்டிய 147, 112 என்னும் எண்களைத் தந்தது, பல ஏழை நாடுகளில் வீடு வீடாகச் சென்று பிறப்பு இறப்புகளைக் கேட்டறியும் ஓர் ஆய்வுத் திட்டம். 1984 முதல் அமெரிக்க அரசின் உதவி நிதியால் நடந்துவந்த அது, 2025 பிப்ரவரியில் அந்நிதி வெட்டப்பட்டபோது நிறுத்தப்பட்டது. பின்னர் அதில் ஒரு பகுதியைத் தொடர வேறு நிதி கிடைத்தது. தன் பிள்ளைகளுள் எத்தனைபேர் இறந்தார்கள் என்பதை அறியக்கூட ஒரு நாடு பிறர் பணத்தை எதிர்பார்த்திருந்தது. அப்பணம் நின்ற மாதத்தில் அதை உலகச் செய்தியாகப் பேசியவர்கள் அதிகம் இல்லை.