ஏமாந்தவனும் பாவியா?

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று வெகு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அப்துல் ஹலீம் ஷரர் உருதுவில் எழுதி 1899-ல் வெளிவந்த ‘ஃபிர்தவ்ஸே பரீன்’ என்ற சரித்திர நாவலைப் படித்து முடித்தபோது, அந்தப் பழமொழியின் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

கதை நடப்பது பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாரசீகத்தில். ஹுசேன் என்ற வாலிபனும் அவன் காதலி ஜமுர்ருதும், கொலையுண்ட அவள் சகோதரனின் சமாதியைத் தேடி ஒரு மலைப் பள்ளத்தாக்குக்குப் போகிறார்கள். அங்கே அவள் மறைந்துபோகிறாள். பிறகு அவளிடமிருந்து கடிதம் வருகிறது, சொர்க்கத்திலிருந்து! அங்கே போக வழிகாட்டுகிறவர் ஒரு ஷேக். அவர் கேட்கும் விலை, ஹுசேனின் குருவும் உறவினருமான இமாமின் உயிர். கொடுத்துவிடுகிறான். ஆனால் அவன் காணும் சொர்க்கமோ, அலமூத் கோட்டையை ஆண்ட கொலைக் கூட்டத்தார் ஆள் பிடிப்பதற்காகவே அமைத்த சோலை.

பணத்துக்காகக் கொன்றிருந்தால் அந்தப் பக்கத்திலேயே அவனைக் கைவிட்டிருப்போம். காதலுக்காகவும் பக்திக்காகவும் கொன்றதால் கூடவே நடக்கிறோம். ஷரர் கெட்டிக்காரர், வாசகனையும் உடந்தையாக்கிவிடுகிறார். ஆனால் அம்பு தயங்குவதில்லையே! ஹுசேன் தயங்குகிறான். தயங்கியவனுக்குத் தான் செய்யப்போவது இன்னதென்று தெரிந்திருந்தது.

1256-ல் ஹுலாகுவின் மங்கோலியப் படை அலமூத்தை அழிக்கிறது. ஹுசேன் ஷேக்கைக் கொல்கிறான், காதலர்கள் மணந்துகொள்கிறார்கள். இமாமின் கணக்கு தீர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அலமூத்தை ஆண்ட இஸ்மாயிலிகள் எதிரிகளைக் கத்திக்கு இரையாக்கியது உண்மை. ஆனால் போதையூட்டி மயக்கும் அந்தச் சோலை, எதிரிகளும் யாத்திரிகர்களும் வளர்த்த கட்டுக்கதை என்கிறார்கள் இன்றைய ஆராய்ச்சியாளர்கள். மார்க்கோ போலோவின் பயண நூல்தான் அதை உலகெங்கும் பரப்பியது. ஹுலாகுவுடன் சென்ற ஜுவைனி அவர்களை அடியோடு வெறுத்தவர். அவர்களுடைய ஏடுகளை எரித்தவர். அவர்கூட அப்படியொரு சோலையைக் கண்டதாக எழுதவில்லை. அந்தச் சமூகத்தின் வழிவந்தவர்கள் இன்றும் பல நாடுகளில் அமைதியாக வாழ்கிறார்கள். பழி மட்டும் கதைகளில் ஓயாமல் தொடர்கிறது.

ஷரரும் ஏமாந்தவர்தாம் என்று விட்டுவிடலாமா? ஹுசேனுக்கு மறுத்த மன்னிப்பை அவருக்கு மட்டும் எப்படித் தருவது? நானும் சரித்திரக் கதை எழுதுகிறவன். என் வில்லன்களையும் வென்றவர்களின் ஏடுகளிலிருந்துதான் எடுத்திருக்கிறேன். எடுக்கும்போது சற்றுத் தயங்கியதும் நினைவிருக்கிறது.