யாருடைய சுருள்?

ஒரு வடிவத்துக்குச் சொந்தக்காரர் உண்டா? நிலத்துக்கு உண்டு, வீட்டுக்கு உண்டு. ஒரு கோட்டின் வளைவுக்குமா என்று கேட்டால் சிரிக்கத் தோன்றும். நியூசிலாந்துப் பள்ளிகளில் சித்திரம் கற்பிப்பதைப் பற்றிப் படித்தபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அங்கே உயர்நிலைப் பள்ளிச் சித்திர வகுப்பில் கோடு, நிறம், ஒளி, நிழல் இவற்றோடு மாவோரிகளின் 'கோரு'வும் பாடமாக வருகிறது. சமோவாப் பெண்கள் மரப்பட்டையை அடித்து மெலிதாக்கிச் சித்திரம் தீட்டும் சியாபோத் துணியும் வருவதுண்டு. கோரு என்பது பெரணிச் செடியின் இளந்தளிர் விரியுமுன் சுருண்டிருக்கும் கோலம். ஒரு தண்டு, நுனியில் ஒரு குமிழ், அவ்வளவுதான். 13 வயதுப் பையன் அரைமணியில் கற்றுவிடுவான். அந்த எளிமையில்தான் வம்பு இருக்கிறது.

ஏனென்றால், அது காகிதத்தில் பிறந்ததன்று. மாவோரிகளின் கூட்ட மண்டபம் ஒரு மூதாதையின் உடல். மோட்டு உத்தரம் அவருடைய முதுகெலும்பு. அதிலிருந்து இறங்கும் கைமரங்கள் விலா எலும்புகள். அந்த விலாக்களின்மேல் சிவப்பும் கறுப்பும் வெள்ளையுமாக ஓடுகிறது இந்தச் சுருள். முகத்தில் குத்திக்கொள்ளும் மோகோ இன்னும் அந்தரங்கமானது. 19ஆம் நூற்றாண்டில் தலைவர்கள் சிலர் வெள்ளையரின் பத்திரங்களில் தம் மோகோவையே கையெழுத்தாக வரைந்தார்கள். அழகாயிருக்கிறதே என்று அடுத்தவர் கையெழுத்தை நாம் போட்டுப் பழகலாமா?

1867ஆம் ஆண்டுச் சட்டம் மாவோரிப் பிள்ளைகளின் பள்ளிகளில் ஆங்கிலத்தைப் போதனைமொழி ஆக்கியது. பின்னாளில், பள்ளியில் தாய்மொழி பேசிய குழந்தைகள் பலர் அடி வாங்கினார்கள். 1946இல் கல்வி இலாகாவில் கலைகளுக்குப் பொறுப்பேற்ற கோர்டன் டோவி, மாவோரிக் கலையைப் பள்ளிக்குள் கொண்டுவரப் பாடுபட்டார். ரால்ஃப் ஹோடெரே, கிளிஃப் வைட்டிங் போன்ற மாவோரிக் கலைஞர்கள் அவருடைய திட்டத்தில் பயின்றவர்கள். டோவியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அப்பனுடைய பேச்சுக்கு அடி, பிள்ளையுடைய சித்திரத்துக்குப் பாராட்டு என்றால், நெஞ்சில் ஏதோ நெருடத்தானே செய்யும்?

1956 முதல் கோர்டன் வால்டர்ஸ் என்ற வெள்ளை ஓவியர் கோருவின் வளைவை நிமிர்த்தி, பட்டைபட்டையாக அடுக்கிப் புகழ்பெற்றார். 1992இல் சிட்னிக் கண்காட்சி ஒன்றின் நூலில் ராங்கிஹிரோவா பானோஹோ என்ற மாவோரி அறிஞர் அதைக் கண்டித்தார். வடிவத்தை எளிதாக்க எளிதாக்க அதன் பொருளும் பிறப்பிடமும் கழன்றுபோயின என்பது அவர் குறை. வால்டர்ஸுக்காகப் பரிந்து பேசியவர்களும் உண்டு. அவரைத் திருடர் என்று நான் சொல்லமாட்டேன். பல ஆண்டுகள் ஆசையோடு பார்த்துக் கற்றவர் அவர். ஆனால், மனமார ரசிப்பவனும் வாசலில் நின்று கேட்கத்தான் வேண்டும்.

என் பிள்ளை அந்த வகுப்பில் இருந்தால், முதல் வாரம் பென்சிலைத் தொடாதே என்பேன். மண்டப முற்றத்துக்குப் போ. ஒரு பெண்குரல் அழைத்த பிறகே விருந்தினர் உள்ளே நுழைவது அங்கே மரபு. காத்திரு. அந்த மூதாதையின் பெயரைக் கேள். வரையலாமா என்றும் கேள். வேண்டாம் என்றார்களா, பேசாமல் திரும்பி வா. பெரணி காட்டில் நிறைய முளைக்கிறது. அதைப் பார்த்து வரையலாம்.