சட்டி இல்லாத தூண்டில்

நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் வடகிழக்கு மூலையில், 110ஆவது தெருவை ஒட்டி ஹார்லெம் மீர் என்றொரு ஏரி இருக்கிறது. சுமார் 11 ஏக்கர். நம்மூர்க் கணக்கில் ஊருணியைவிடப் பெரிது, கண்மாயைவிடச் சிறிது. அங்கே யார் வேண்டுமானாலும் தூண்டில் போடலாம். 16 வயது ஆகிவிட்டால் மாநில உரிமம் வேண்டும். ஈயக் குண்டு கட்டக்கூடாது. மீன் வாயிலிருந்து எளிதில் கழன்று வரும்படி, பின்னோக்கிய கொடுக்கு இல்லாத முள்ளைத்தான் பயன்படுத்த வேண்டும். கரையிலுள்ள டேனா மையத்தில் பல ஆண்டுகள் குழந்தைகளுக்கு மூங்கில் கழிகளை இலவசமாக இரவல் கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு: பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

சிவகங்கைப் பக்கம் இருக்கும் என் மாமாவிடம் போனில் இதைச் சொன்னேன். "விடுறதுக்கா பிடிக்கிறாங்ய? அப்ப எதுக்குப்பா பிடிக்கணும்?" என்று சிரித்தார். இங்கே வாராவாரம் தூண்டிலோடு கிளம்பும் என் அலுவலக நண்பரிடம் அதைச் சொன்னபோது அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. "உங்க மாமா கொன்னு சாப்பிடுறார். நான் உயிரோட விட்டுர்றேன். இதுல யாரு நல்லவன்?" என்றார். இந்தக் கேள்வி என்னை விடவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் நண்பர் ஜெயித்துவிட்டார். மீனிடம் ஓட்டுக் கேட்டால் அதுவும் அவருக்குத்தான் போடும்.

ஆனால் நண்பர் ஹார்லெமில் சட்டப்படி செய்தே ஆகவேண்டிய ஒன்றைச் சுவிட்சர்லாந்தில் செய்தால் குற்றம். விடும் எண்ணத்தோடு மீன் பிடிப்பது அங்கே 2009 முதல் தடை. சிறிய மீன் தற்செயலாக மாட்டினால் விடலாம், விடவும் வேண்டும். விடுவதற்கென்றே தூண்டில் போடக்கூடாது. ஜெர்மனியின் 1972ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இந்த வழியில்தான் யோசிக்கிறது. தக்க காரணம் இல்லாமல் எந்த விலங்குக்கும் வலியோ துன்பமோ தரக்கூடாது என்கிறது. சாப்பாடு அங்கே தக்க காரணம். பொழுதுபோக்கு மட்டும் அப்படி ஆகாது.

இரண்டு சட்டங்களும் மீனின் நலத்தையே பேசுகின்றன. ஆனால் இரண்டும் கேட்கிற கேள்வி வேறு. அமெரிக்க விதி 'ஏரியில் எத்தனை மீன் மிஞ்சும்?' என்று கேட்கிறது. ஐரோப்பியச் சட்டம் 'இந்த ஒரு மீனுக்கு என்ன நடக்கிறது?' என்று கேட்கிறது. முதலாவதற்கு மீன் ஒரு எண்ணிக்கை. இரண்டாவதற்கு மீன் ஓர் உயிர்.

எண்ணிக்கையின் தர்க்கம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அதே ஏரியில் சாட்சி இருக்கிறது. 2013இல் ஹார்லெம் மீர் கரையில் ஓர் எச்சரிக்கைப் பலகை வைத்தார்கள். ஸ்னேக்ஹெட் என்ற மீன் மாட்டினால் மட்டும் திரும்ப விடாதீர்கள் என்று அதில் இருந்தது. அது வேறு யாருமில்லை, நம் விராலின் பங்காளி. ஆசியாவிலிருந்து வந்தது, காற்றைச் சுவாசிக்கும், மற்ற மீன்களைத் தின்றுவிடும் என்று பயம். நம்மூரில் விருந்துக்கு வாங்குகிற மீன் அங்கே குற்றவாளி. ஒரே தூண்டிலில் லார்ஜ்மவுத் பாஸ் மாட்டினால் கைநனைத்து விட வேண்டும், விராலின் பங்காளி மாட்டினால் விடவே கூடாது. இரண்டுக்கும் வலி ஒன்றுதான். ஏரியைக் காப்பாற்ற இந்த விதி தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 'விட்டுவிடு' என்ற விதி கருணையிலிருந்து பிறக்கவில்லை என்பது இதில் தெரிந்துவிடுகிறது.

வலிக்கிறதா என்பதே விவாதம்தான். 2003இல் லின் ஸ்னெடன் குழுவினர் ரெயின்போ டிரவுட் மீன்களின் உதட்டில் தேனீ விஷத்தையும் அசிட்டிக் அமிலத்தையும் செலுத்திப் பார்த்தார்கள். வலியைத் தூண்டுபவற்றை உணரும் நரம்புகள் அங்கே இருப்பது தெரிந்தது. அந்த மீன்கள் வெகுநேரம் இரையைத் தொடவில்லை. அமிலம் செலுத்தப்பட்டவை உதட்டைச் சரளைக்கல்லில் தேய்த்துக்கொண்டன. மனித மூளையின் புறணி போன்ற அமைப்பு மீனுக்கு இல்லை, ஆகவே அது அனிச்சைச் செயல்தான், வலி அல்ல என்று ஜேம்ஸ் ரோஸ் போன்றவர்கள் வாதிட்டார்கள். நான் மென்பொருள் எழுதுகிறவன். இதற்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பகுதி பழுதாகுமா இல்லையா என்று உறுதியாகத் தெரியாதபோது, பழுதாகும் என்று வைத்துக்கொண்டே மற்றதைக் கட்டுவோம். கல்லில் உதட்டைத் தேய்க்கிற ஓர் உயிருக்கு அந்த அளவு சலுகையாவது தரலாம்.

விட்ட மீனெல்லாம் பிழைப்பதும் இல்லை. 2005இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, வெவ்வேறு மீன்களைப் பற்றிய 274 மதிப்பீடுகளைச் சேர்த்துப் பார்த்தது. விடப்பட்டவற்றில் சராசரியாக 18 சதவீதம் இறந்தன. முள் உதட்டில் குத்தினால் பிழைக்க வாய்ப்பு அதிகம். தொண்டைக்குள் போய்விட்டால் குறைவு. தண்ணீர் சூடாக இருந்தாலும் ஆபத்து கூடும். நண்பர் கண்ணுக்குத் தெரிவது வாலை அடித்துக்கொண்டு மறையும் மீன் மட்டும்தான். பிறகு நடப்பது தண்ணீருக்கு அடியில்.

இங்கேதான் மாமாவின் சிரிப்புக்கு அர்த்தம் இருக்கிறது. எங்கள் பக்கம் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊரே ஊத்தாவோடும் கச்சாவோடும் சேற்றில் இறங்கும். அன்றைக்கு எல்லார் வீட்டிலும் குழம்பு. அந்த மீன்கள் எப்படியும் வற்றுகிற சேற்றில் செத்திருக்கும் என்பது ஒரு பக்கம். முக்கியமான விஷயம் வேறு: அந்த வேட்டைக்கு ஓர் அளவு உண்டு. சட்டி நிறைந்தால் கை நிற்கும். சாப்பிடப் பிடிக்கிறவனுக்கு வயிறுதான் எல்லை. விடுகிறவனுக்குச் சட்டியே இல்லை. ஒரு மீனை விடுவது புண்ணியம் என்றால் ஐம்பது மீனை விடுவது ஐம்பது புண்ணியம். சாயங்காலம் வரை பிடித்துப் பிடித்து விடலாம், மனசாட்சி ஒருமுறைகூட முள்ளைப் போலக் குத்தாது.

மாமாவின் பக்கம் முழுக்கச் சரி என்று சொல்ல வரவில்லை. வள்ளுவரின் கொல்லாமை அதிகாரம் நண்பரை விடாதது போலவே அவரையும் விடாது. அதே வள்ளுவர் சூதில் கிடைக்கும் வெற்றியை, மீன் விழுங்கிய தூண்டில் இரும்புக்கு ஒப்பிட்டார். எப்போதாவது கிடைத்து, பெரும்பாலும் கிடைக்காமல் போவதுதான் சூதின் இழுப்பு. தக்கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கும் அதுதான். கரையில் மாட்டிக்கொண்டிருப்பது யார் என்று அந்தக் குறளை வைத்து ஒரு கேள்வி கேட்கலாம்.

நண்பருக்குச் சொல்ல ஒரு நல்ல பதில் உண்டு. அவர் சொல்லவும் செய்தார். தூண்டில் போடுகிறவர்கள்தான் ஏரிக்குக் காசு கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி தூண்டில் சாமான்கள் மீதான வரி மீன்வளப் பாதுகாப்புக்குப் போகிறது. உரிமக் கட்டணமும் அப்படியே. அந்த மூங்கில் கழியைப் பிடித்த குழந்தைகளில் சிலருக்காவது, தண்ணீருக்குள் உயிர் இருக்கிறது என்பது அன்றுதான் உறைத்திருக்கும். தூண்டிலே இல்லாத ஊரில் ஏரியைப் பற்றிக் கவலைப்பட ஆளிருக்குமா? நியாயமான கேள்வி. ஆனால் ஏரிக்குச் செய்த நன்மையை, முள் குத்திய மீனின் கணக்கில் வரவு வைக்க முடியாது. இரண்டும் வேறு வேறு கணக்கு.

அதனால் நான் நண்பரிடம் கேட்பது தூண்டிலை உடைத்துப் போடச் சொல்லி அல்ல. விடுவதை அதன் சரியான பெயரால் அழைக்கச் சொல்கிறேன். அது கருணை இல்லை, சேதத்தைக் குறைப்பது. பெயர் மாறினால் நடத்தையும் மாறும். கருணை என்று நினைப்பவருக்குக் கணக்குத் தேவையில்லை. சேதம் என்று தெரிந்தவர் கையை நனைத்துக்கொண்டு தொடுவார், போட்டோவுக்காக மீனை வெளியே பிடித்துக்கொண்டிருக்க மாட்டார், தண்ணீர் சுடுகிற மதியத்தில் போகமாட்டார். இரண்டு மூன்று மீனோடு கழியைச் சுருட்டிவிட்டு, மிச்ச நேரம் சும்மா ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பார். சட்டி இல்லாதவர் தனக்கொரு சட்டியை மனதில் செய்துகொள்ள வேண்டும். அது சின்னதாக இருப்பது நல்லது.