சூசனின் நிலை என்ன?

மாய உலகங்களைப் படைத்துக் காட்டும் இளையோர் நாவல்களைப் பற்றிப் பெரியோர் கூறும் குறை பெரும்பாலும் ஒன்றே. பேசும் விலங்குகளும் சூனியக்காரிகளும் நிறைந்த பொய்யுலகில் உலவும் மாணவன் மெய்யுலகை மறந்துவிடுவான் என்பர். இஃது அத்துணை வலுவுடைய குறையன்று. நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் பாகுபாட்டை அறிந்த தமிழ் மாணவர்க்குச் சிங்கம் பேசுவதனால் மயக்கம் ஒன்றும் நேர்ந்துவிடாது. அலமாரிக்குள் பனிக்காடு இல்லை என்பதைப் பன்னிரண்டு வயதுச் சிறுமியும் அறிவாள். அவள் கேட்கும் கேள்வி வேறு. கதையில் நடந்தது நியாயமா என்று அவள் கேட்கிறாள். அதற்கு விடை கூறுவதுதான் கடினம்.

ஆக்ஸ்போர்டிலும் பின்னர்க் கேம்பிரிட்ஜிலும் இலக்கியம் கற்பித்த சி. எஸ். லூயிஸ், 1950 முதல் 1956 வரை ஆண்டுக்கு ஒன்றாக ஏழு நார்னியா நாவல்களை வெளியிட்டார். முதல் நாவலில் பீட்டர், சூசன், எட்மண்ட், லூசி என்னும் உடன்பிறந்தார் நால்வர் ஓர் அலமாரியின் வழியே நார்னியா என்னும் நாட்டை அடைகின்றனர். எட்மண்ட் ஓர் இனிப்புப் பண்டத்திற்கு ஆசைப்பட்டு மற்ற மூவரையும் சூனியக்காரியிடம் காட்டிக்கொடுக்கிறான். அவனுக்குரிய மரணத்தை அஸ்லான் என்னும் சிங்கம் தானே ஏற்று உயிர் துறக்கிறது. அவ்விரவு அந்த உடலின் அருகே இருந்து அழுபவர் சூசனும் லூசியுமே. சிங்கத்தின் வாயைப் பிணித்திருந்த கட்டைக் குளிரில் விறைத்த விரல்களால் அவிழ்ப்பவரும் அவர்களே. விடியலில் அது மீண்டும் உயிர்பெற்று நிற்பதைக் காணும் பேறும் அவர்களுக்கே வாய்க்கிறது. காட்டிக்கொடுத்த எட்மண்டோ மன்னிக்கப்பட்டு அரசனாகிறான்.

ஏழாம் நாவலின் இறுதியில் நிகழ்வது இது: ஒரு புகைவண்டி விபத்தில் பீட்டரும் எட்மண்டும் லூசியும் இறந்து, அழிவற்ற நார்னியாவை அடைகின்றனர். பெற்றோரும் அதே விபத்தில் மாள்கின்றனர். சூசன் அங்கு இல்லை. அவள் இப்போது நார்னியாவின் தோழியல்லள் என்று பீட்டர் சுருக்கமாகக் கூறுகிறான். உதட்டுச் சாயம், நைலான் காலுறை, விருந்து அழைப்பு ஆகியவற்றிலேயே அவள் மனம் செல்கிறது என்றும், நார்னியாவைச் சிறுவயது விளையாட்டு என்று பேசுகிறாள் என்றும் மற்றவர் குறை சொல்கின்றனர். உடனே பீட்டர் பேச்சை மாற்றி, எதிரே நிற்கும் பழமரங்களைக் காட்டுகிறான். ஒரே நாளில் குடும்பம் முழுவதையும் இழந்து ஒருத்தி தனியே எஞ்சி நிற்பதை அங்கு எவரும் எண்ணவில்லை.

லூயிஸின் சார்பாகவும் சொல்ல உண்டு. சூசனை எவரும் விரட்டவில்லை. கண்டதைக் காணவில்லை என்று மறுத்தவள் அவளே. உதட்டுச் சாயம் அம்மறுப்பின் அடையாளம் மட்டுமே. வளர்ந்துவிட்ட குற்றத்திற்காக ஒரு பெண் தண்டிக்கப்பட்டாள் என்று 1998இல் நாவலாசிரியர் ஃபிலிப் புல்மன் சினந்து எழுதியது இவ்வேறுபாட்டைக் கருதவில்லை. ஆயினும் அவர் சினம் முற்றும் பிழையுமன்று. நடப்பியல் நாவலில் ஒருத்தி கைவிடப்பட்டால் சமுதாயத்தின் மேல் பழி போடலாம். மாய உலகிலோ சட்டம் இயற்றுபவரும் தீர்ப்பு வழங்குபவரும் ஆசிரியர் ஒருவரே. அவர் சூசனை வெளியே நிறுத்தியதைக்கூடப் பொறுக்கலாம். அவளுக்காக ஒருவரையும் அழவிடாமல் பழம் உண்ணச் செய்தாரே, அதைப் பொறுப்பது அரிது. சிங்கத்தின் பிணத்தருகே விழித்திருந்தவள் அல்லளோ அவள்!

இதற்கு மாறாக, தாம் மறந்த பாத்திரத்தைத் தேடித் திரும்பிவந்த ஆசிரியரும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1968இல் தொடங்கிய எர்த்சீ நாவல்களில் மந்திரக் கல்விக்கூடத்தின் வாயில் ஆண்களுக்கே திறந்திருந்தது. பெண்களின் மந்திரம் இழிந்தது என்பது அந்நாட்டார் வழங்கும் பழமொழி. 1971இல் வந்த இரண்டாம் நாவலின் தலைவியான டெனார், அடுத்த ஆண்டு வந்த மூன்றாம் நாவலில் தோன்றவே இல்லை. பதினெட்டு ஆண்டுகள் சென்றபின், 1990இல், 'டெஹானு' வெளிவந்தது. அதில் டெனார் நடுவயதுக் கைம்பெண். தீயில் கருகிய ஒரு சிறுமியை எடுத்து வளர்க்கிறாள். முன்னர்ப் பேராற்றல் பெற்றிருந்த கெட் என்னும் மந்திரவாதி ஆற்றலை இழந்து ஆடு மேய்க்கிறான். கடற்பயணமும் வீரச்செயலும் எதிர்பார்த்த வாசகர்க்கு ஏமாற்றமாகவே இருந்திருக்கும். எனினும், பழைய மூன்று நாவல்களில் எவருடைய குரல் கேட்கவில்லை என்பதை இந்நான்காம் நாவலே உணர்த்திற்று.

லூயிஸ் அவ்வாறு திரும்பவில்லை. ஆனால் அவருக்கும் சூசனைப் பற்றிய எண்ணம் இருந்தது. 1957இல் ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில், அவள் உயிரோடுதான் இருக்கிறாள், திருந்துவதற்குக் காலம் மிக உண்டு என்று ஆறுதல் கூறினார். இவ்வாறுதல் நாவலில் இல்லை. நாவலை மட்டும் படிப்பவர்க்கு அது கிட்டாது. 1960இல் வேறொரு வாசகருக்கு இன்னும் வெளிப்படையாக எழுதினார். சூசன் நார்னியாவை அடையும் கதை நீண்டது. தாம் எழுத விரும்பியதைவிடப் பெரியோர்க்கான நாவலை ஒத்திருக்கும். ஆகவே தம்மால் அதனை எழுத இயலாது. நீங்களே முயன்று பார்க்கலாமே என்பது அக்கடிதத்தின் கருத்து. மூன்றாண்டுகள் கழித்து, 1963இல், அவர் மறைந்தார்.